அம்மாவுக்குத் தவணை வேண்டாம்

தம்பி,

செவ்வாய்க்கிழமை போனில் சொன்னதை எழுத்திலும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கணையத்தில் புற்றுநோய். கல்லீரலுக்கும் போய்விட்டது. டாக்டர் திருச்சூர்க்காரர், நல்ல மனிதர். மலையாளத்தையும் தமிழையும் கலந்து நிதானமாகப் பேசினார். என்னென்ன மருந்து, எங்கே போகலாம், ஊருக்குப் போவதென்றால் எந்த ஆஸ்பத்திரி, எல்லாம் சொன்னார். ‘அடுத்த வருடம்’ என்பது மட்டும் அவர் பேச்சில் வரவே இல்லை. நான் அதற்காகத்தான் காத்திருந்தேன். வராது என்று தெரிந்த பிறகு எழுந்து கைகொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில் நிழல் தேடி நின்றபோது நீ கூப்பிட்டாய். அங்கே, உன் யுனிவர்சிட்டியில், மதிய இடைவேளை. வேறு யாராவது கூப்பிட்டிருந்தாலும் அப்போது சொல்லியிருப்பேனோ என்னவோ.

உன் பின்னால் டிராம் போகும் சத்தம் கேட்டது. பிறகு நீ கேட்ட முதல் கேள்வி, “அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?” இல்லை என்றேன். “சொல்லாதீங்கப்பா. இப்ப அல்சர்னு சொல்லுங்க. அடுத்த வாரம் ஒரு சின்ன ஆபரேஷன் வேணும்னு சொல்லுங்க. நான் தீஸிஸ் கொடுத்துட்டு வந்துடறேன். வந்ததும் மெதுவா சொல்லிக்கலாம்.” குரல் நடுங்கினாலும் வரிசை நடுங்கவில்லை. முதலில் அல்சர், அடுத்து ஆபரேஷன், கடைசியில் உண்மை. சரி என்றும் சொல்லாமல் மாட்டேன் என்றும் சொல்லாமல் போனை வைத்தேன். இந்தக் கடிதம் அதற்குப் பதில்.

இந்த வரிசையை உனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. நீ வளைகுடாவின் பிள்ளை. காற்றில் இருந்தது, எடுத்துக்கொண்டாய். தொழிலாளர் கேம்பில் ஒருவன் இறந்தால் ஊருக்கு யாரும் அதை ஒரே போனில் சொல்வதில்லை. முதல் போனில் லேசாக அடிபட்டிருக்கிறது. அடுத்த போனில் ஐசியூ, பார்க்க விடவில்லை. அதற்குள் ஊரில் இன்னொரு வீட்டுக்குத் தனியாகத் தகவல் போய்விடும். அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் கிளம்பி வருவாள். பிறகு இன்னும் இருவர். கடைசிப் போன் வருகிற நேரத்தில் வாசலில் செருப்புகள் நிறைந்திருக்கும். யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவை இருக்காது. இதைக் கண்டுபிடித்தவன் யாரென்று தெரியாது. இரக்கமுள்ள ஒருவனாகத்தான் இருந்திருப்பான். இவ்வளவு தூரத்திலிருந்து இறந்தவனின் உடம்பைக்கூட உடனே அனுப்ப முடிவதில்லை. காகிதங்கள் முடிய நாளாகும். உடம்பு மெதுவாகப் போகும்போது செய்தியும் மெதுவாகப் போகட்டும் என்று நினைத்திருப்பான்.

நீங்கள் இருவரும் இங்கே வருவதற்கு முன்னால், ஊரில் நம் தெருவில் போன் நம் வீட்டில்தான் இருந்தது. உனக்கு நினைவிருக்கலாம், அம்மா சில நாள் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு யார் வீட்டுக்கோ உறைமோர் வாங்கப் போயிருப்பாள். போன வீட்டில் அடுப்படி வரை போய் உட்கார்ந்து, கத்திரிக்காய் விலையைப் பேசி, புருஷன் இறந்தது இன்னும் தெரியாத அந்தப் பெண்ணைச் சாப்பிட வைப்பாள். அதுதான் அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஒருமுறை லீவில் வந்திருந்தபோது கேட்டேன், எப்படி உன்னால் முடிகிறது என்று. “சாப்பிட வச்சிரணுங்க. அப்புறம் ரெண்டு நாளைக்குப் பச்சத் தண்ணி இறங்காது” என்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, ஏதோ சமையல் குறிப்பு சொல்வது போல. அப்படிப்பட்ட அம்மாவிடம்தான் நீ என்னை அல்சர் என்று சொல்லச் சொல்கிறாய்.

என்னுடைய பங்கு இந்தப் பக்கம். கேம்பில் அந்தப் போனைப் பேசியவன் நான். ‘படிச்சவரு, பக்குவமாப் பேசுவாரு’ என்று என் தலையில் கட்டினார்கள். நான் படித்தது எதற்கும் ஆகாத படிப்பு. சென்னையில் தமிழ் எம்.ஏ., மாலை வகுப்பில் ஜெர்மன். ஒரு பெரிய போருக்குச் சற்று முன்னும் பின்னும் அந்த மொழியில் நாவலும் நாடகமும் எழுதியவர்கள்மேல் எனக்குப் பைத்தியம். அவர்களில் பலர் குமாஸ்தாக்கள், டாக்டர்கள், வாத்தியார்கள். பகலில் ஆபீஸ் பாஷை எழுதிய கை மாலையில் நாவல் எழுதியது. அந்தச் சுத்தமான, உணர்ச்சியைக் காட்டாத வாக்கியங்கள் அங்கிருந்து வந்தவை என்று எனக்கு ஒரு எண்ணம். பெரிய நாவல்களைத் தொடங்கி முடிக்காமல் விட்டவர்கள் அவர்களில் உண்டு. பிறந்த நாடு வரைபடத்திலிருந்து காணாமல் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. மொழியை மட்டும் தூக்கிக்கொண்டு வேறு தேசத்து ஓட்டல் அறையில் செத்தவர்கள் உண்டு. இதை ஆராய்ச்சி செய்ய நினைத்தேன். நீ வயிற்றில் இருந்தாய். ராஸ் அல் கைமாவில் சிமெண்ட் ஆலைக்கு ஜெர்மனியிலிருந்து எந்திரம் வருகிறது, அதன் புத்தகங்களை வாசிக்கத் தெரிந்த ஸ்டோர் கிளார்க் வேண்டும் என்றார்கள். வந்தேன். எந்திரத்தை மாட்ட வந்த எஞ்சினியரிடம் ஒருநாள் ஆசையாக என் நாடகக்காரர்களைப் பற்றிக் கேட்டேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, “ஸ்கூல்ல படிச்சோம்” என்றார். பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. அதே எழுத்தாளர்களைப் பற்றிய உன் தீஸிஸைப் பற்றி நீ பேசும்போது நான் ஏன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று இப்போது உனக்குப் புரியும்.

ஆனால் ஒரு புத்தகம் கூடவே வந்திருந்தது. திருவல்லிக்கேணி பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை போன ஒரு நாடகத் தொகுப்பு. அதில் வியன்னாவில் வங்கி குமாஸ்தாவாக இருந்த ஒருவரின் சிறிய நாடகம். அவர் பெயர் உனக்குத் தெரியும், உன் அடிக்குறிப்பில் வருகிறவர்தான். தொகுப்பில் அவருக்கு மூன்று வரி அறிமுகம், முடிக்காத ஒரு நாவலையும் சேர்த்து. நாடகம் நடப்பது உப்புச் சுரங்கம் இருக்கும் மலையடிவார ஊரில். வீட்டில் ஒரு பெண். சுரங்கத்தில் கணவன் இறந்துவிட்டான், அவளுக்குத் தெரியாது. அவனோடு வேலை செய்கிற ஒருவன் சொல்ல வருகிறான். முதல் காட்சியில், இன்றைக்கு அவன் வரத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டுப் போகிறான். இரண்டாவதில் திரும்பி வந்து, காலில் அடி என்கிறான். மூன்றாவது காட்சியில் வந்து நிற்கிறான். அவள் கதவைத் திறக்கிறாள். இருவரும் பேசுவதில்லை. திரை.

நீங்கள் இருவரும் இங்கே வருவதற்கு முந்தைய பொங்கலுக்கு, கேம்ப் மெஸ்ஸில் அதைப் போட்டோம். படித்துக் காட்டியபோது யாரும் ‘இது என்ன நாட்டுக் கதை’ என்று கேட்கவில்லை. “இது நம்ம கதைதானண்ணே, எவன் போயி அவன்கிட்ட சொன்னான்?” என்றான் இசக்கி. அவன் திருநெல்வேலிப் பக்கத்து வெல்டர், மீசையை எடுத்துவிட்டு மனைவியாக நடித்தவன். லுங்கியைப் பாவாடையாக்கி, பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு வந்தால் மெஸ்ஸே விசிலடிக்கும். “ஏலே, இடுப்ப ஆட்டாதலே. இது வியன்னா பொம்பள” என்று ஒருவன் கத்துவான். “வியன்னாக்காரிக்கு இடுப்பு கெடையாதாக்கும்” என்று இவன் திருப்பிக் கொடுப்பான். பட்டாணிய வாட்ச்மேன் ஒருவர் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் என்னிடம் வந்து, “பாய், ஃபைட் கிதர் ஹை?”, சண்டைக் காட்சி எங்கே என்றார். இல்லை என்றேன். அவர் போகாமல் நின்றார். பிறகு தன் அண்ணன் கராச்சியில் இறந்ததை ஒரு வாரம் கழித்துத்தான் தனக்குச் சொன்னார்கள் என்றார்.

சொல்ல வருகிறவனாக நடித்தவர் செல்லையா. கிரஷரில் ஆப்பரேட்டர். ஆலங்குடிப் பக்கம். உன்னை லீவில் ஒருமுறை தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டினாரே, அவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். மூலத்தில் அந்த ஆள் கதவருகே நின்று பனியைப் பற்றிப் பேசுவான். பாதையெல்லாம் பனி, இந்த வருடம் சீக்கிரமே விழுந்துவிட்டது என்று. பனிக்கு எங்கள் மெஸ்ஸில் என்ன வேலை? நான் அதை எடுத்துவிட்டு, நான் போனில் சொல்கிற வரிகளையே வைத்தேன். “ஒண்ணும் பயப்படறதுக்கு இல்ல. முதல்ல போயி ஒரு செம்பு தண்ணி குடிச்சிட்டு வாங்க. நான் நிக்கிறேன்.” மொழிபெயர்ப்பாளனாக என் வாழ்க்கையில் பெருமைப்பட்ட வரி அதுதான். செல்லையா அதைச் சொன்னபோது விசில் நின்றது. நாடகத்தை டேப்ரெக்கார்டரில் பதிந்து ஆளுக்கொரு காசெட் ஊருக்கு அனுப்பினார்கள். வசந்தாவுக்கும் ஒன்று போனது. வசந்தா, செல்லையாவின் மனைவி. வேலை செய்யும்போதெல்லாம் அதைப் போட்டுக் கேட்பாளாம். மற்றவர்கள் சினிமாப் பாட்டுக் கேட்பது மாதிரி, புருஷனின் குரலை.

அதே வருடக் கோடையில் செல்லையா டூட்டி பஸ்ஸில் இறந்தார். ஜன்னலோர சீட், உட்கார்ந்தபடியே. பக்கத்தில் இருந்தவன் தூங்குகிறார் என்று நினைத்து, ஆலை வாசலில் தோளைத் தொட்டிருக்கிறான். ஸ்டோருக்கு ஆள் வந்தது. நான் மத்தியானம் அடுத்த தெருவில் இருந்த வசந்தா வீட்டுக்குப் போன் போட்டேன். எதையும் யோசிக்கவில்லை. எத்தனையோ வீடுகளுக்குப் பேசிய வாய், அதுவாகவே பேசியது. “வசந்தா, நான்தான்மா பேசறேன். ஒண்ணும் பயப்படறதுக்கு இல்ல. முதல்ல போயி ஒரு செம்பு தண்ணி குடிச்சிட்டு வா. நான் நிக்கிறேன்.” லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு அவள் சொன்னாள். “அண்ணே, இது அவரு பேசுற வசனம்.” அவளே தொடர்ந்தாள். “கடைசி வரைக்கும் எனக்குத் தெரியும்ணே. மிச்சத்தையும் சொல்லிருங்க.”

சொன்னேன். வேறு வழி இருக்கவில்லை. அன்றைக்கு வரைக்கும் யாருக்கும் அந்த வார்த்தையை நேராகச் சொன்னதில்லை. ஏதோ தகவல் வாசிப்பவன் மாதிரி சொன்னேன். அவள் அழாமல் இரண்டு கேள்வி கேட்டாள். பக்கத்தில் யார் இருந்தார்கள். காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாரா. அப்புறம் போன் கீழே விழுந்த சத்தம். அவள் வீட்டுக்கு இன்னும் யாரும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. அம்மா கிண்ணத்தோடு பாதி வழியில் இருந்தாள்.

இந்த இடத்தோடு நிறுத்தினால் நீ என்ன முடிவுக்கு வருவாய் என்று தெரியும். அப்பா உண்மையின் கட்சி என்பாய். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன். பொய்யின் பல்லைப் பிடுங்கிவிட்டது கலை என்றெல்லாம் கட்டுரை எழுதும் வயசு எனக்குள் அப்போதும் மிச்சமிருந்தது. அடுத்த லீவில் போய் வசந்தாவைப் பார்த்தேன். தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி போட்டாள், காப்பி கொடுத்தாள். நான் ஏதோ ஆரம்பித்தேன். அவள் தைப்பதை நிறுத்தாமல் சொன்னாள், “எல்லாருக்கும் ஒரு ராத்திரி குடுப்பீங்களேண்ணே. ஐசியூவுல இருக்காருன்னு நெனச்சுக்கிட்டு, சாமிக்கு வேண்டிக்கிட்டு, ஒரு ராத்திரி. எனக்கு அது இல்லாமப் போச்சு.” குற்றம் சொல்லும் குரல் இல்லை. கடையில் ஒரு சாமான் விட்டுப்போனதைச் சொல்வது மாதிரி. அந்தக் காசெட்டை அதன் பிறகு போடவில்லை என்றும் சொன்னாள். நான் கேம்புக்குத் திரும்பியதும் அந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். நாடகமும் போடவில்லை.

ஆகவே, தம்பி, எது இரக்கம் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்காதே. தெரியாது. நேற்று நீ மறுபடியும் கூப்பிட்டபோது உன் தீஸிஸையே துணைக்கு இழுத்தாய். “அப்பா, நீங்க படிச்ச அந்த நாடகங்கள்லயே பாருங்க. உண்மை சொல்ல வர்றவன் கடைசி அங்கத்துல வீட்ட ஒடச்சிட்டுப் போயிடறான்.” நல்ல வாதம். நானும் இளவயதில் அவர்களிடம் அதைத்தான் வாசித்தேன். இப்போது வாசித்தால் வேறு ஒன்று தெரிகிறது. அந்த வீடுகளில் முக்கால்வாசிப் பேருக்கு விஷயம் முன்பே தெரியும். சூப் பரிமாறுகிறார்கள், தொப்பியைக் கழற்றி மாட்டுகிறார்கள், ரயில் நேரம் பேசுகிறார்கள். தெரிந்தவர் எல்லாரும் தெரியாதது மாதிரி ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிறார்கள். எங்கள் சுரங்க நாடகத்தில்கூட, இரண்டாவது காட்சியில் அந்தப் பெண் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிறாள், வந்தவன் உட்கார. ஒத்திகையில் இசக்கி கேட்டான், “அண்ணே, இவளுக்கு இப்பவே தெரிஞ்சிட்டோ?” தெரியாது என்று சொல்லி நடிக்க வைத்தேன். தெரியும். அவனுக்குக் கஷ்டமாக இருக்கக் கூடாது என்று நாற்காலி போடுகிறாள்.

அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்பது என் பயம் இல்லை. அல்சர் என்று நான் சொன்ன அடுத்த நிமிஷம் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் அந்தப் பக்கத்துப் பாடத்தை முழுக்கப் படித்தவள். நான் பயப்படுவது அதற்குப் பிறகு நடக்கப்போவதற்கு. அவள் நம்பியது மாதிரி இருப்பாள். காரம் இல்லாமல் சமைப்பாள். அல்சருக்கு நல்லது என்று மணத்தக்காளி வற்றலை ஊரிலிருந்து வரவழைப்பாள். உன்னிடம் போனில் சிரித்துப் பேசுவாள். நான் குளிக்கப் போகும் நேரத்தில் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொள்வாள். நமக்குக் கஷ்டமாக இருக்கக் கூடாது என்று. எனக்கு மிச்சம் இருப்பது எவ்வளவோ தெரியாது, அது முழுவதும் இப்படிப் போய்விடும். பக்கத்தில் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் தனித்தனியாக. எத்தனையோ பெண்களோடு கூட உட்கார்ந்தவளோடு உட்கார ஆள் இருக்காது. நான்தான் அந்த ஆள், நானோ அல்சர்க்காரனாக நடித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு ராத்திரி கொடுப்பது வேறு. அதை வசந்தாவுக்காக ஒப்புக்கொள்கிறேன். மாதக்கணக்கில் கொடுக்க முடியாது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. சொல்லப் போகிறேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஒரு வாக்கியம்கூடத் தயாராக இல்லை.

சனிக்கிழமை காலை. சொல்லிவிட்டேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். காலையில் துறைமுகத்துப் பக்கம் மீன் மார்க்கெட் போய்விட்டு வந்தோம். ஷேரி மீன் வாங்கினோம். அம்மா அடுப்படியில் நின்று குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். குழம்பு கொதித்து மீனையும் போட்ட பிறகு, நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். “ரிப்போர்ட் வந்துருச்சு. கேன்சர். கணையத்துல. கல்லீரலுக்கும் போயிருச்சு. ரொம்ப நாள் இல்லன்னுதான் டாக்டர் பேச்சுல தெரியுது.” இவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். முன்னால் ஒரு வார்த்தை, பின்னால் ஒரு வார்த்தை வைக்கவில்லை. மோசமான வசனம். மேடையில் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள்.

அவள் திரும்பவில்லை. கரண்டி குழம்புக்குள் நின்றது.

“பிள்ளைக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்போலேர்ந்து?”

“செவ்வாக்கிழமை.”

அப்போது திரும்பினாள். நான் எதிர்பார்த்த முகம் இல்லை. கோபம். கல்யாணமான புதிதில் பார்த்த கோபம். “செவ்வாக்கிழமையிலேர்ந்து நீங்களும் அவனும் பேசிப் பேசி என்னைய வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தீங்களா? எனக்கு எப்படிச் சொல்றதுன்னு?” ஆமாம் என்றேன். “நான் எத்தன வீட்டுல போயி உக்காந்திருக்கேன். அவளுக சோத்த அள்ளி வாயில வைக்கிறப்ப எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? நம்ம வீட்டுலயும் இது ஒரு நாள் நடக்கும், அப்ப எவ வருவா கிண்ணத்தத் தூக்கிக்கிட்டுன்னு நெனச்சு நெனச்சு…” அதற்கு மேல் சொல்லவில்லை. என் சட்டையைப் பிடித்தாள். காலரை, சண்டைக்காரர்கள் பிடிப்பது மாதிரி. பிறகு, “இருங்க. அடுப்ப அணைச்சிட்டு வரேன்” என்றாள். அணைத்தாள். தட்டை எடுத்துக் குழம்பை மூடினாள். அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்து ஃபிளாட்டில் கேட்கும், கீழே கடைக்காரருக்குக் கேட்கும் என்று எதையும் பார்க்கவில்லை. நானும் கீழே உட்கார்ந்தேன். எனக்கு எழுந்து வருமோ வராதோ என்று இருந்த அழுகை அவள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே ஜும்மாவுக்கு அழைத்தார்கள். தொழுகை முடிந்து தெருவில் கார்கள் கிளம்பும்வரை உட்கார்ந்திருந்தோம். பசித்தது. மீன் குழம்பு உறைப்பாக இருந்தது, வழக்கம் போல. தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். சாயங்காலம் அவள் கேள்விகள் கேட்க ஆரம்பித்தாள். வலிக்கிறதா, எங்கே, எப்போதிலிருந்து. ஊருக்குப் போகலாமா, இங்கேயே இருக்கலாமா. பயமாக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். “எனக்கும்” என்றாள். கல்யாணமானதிலிருந்து நாங்கள் இந்த மாதிரி பேசியதில்லை. நான் இங்கேயும் அவள் அங்கேயும் இருந்த காலத்தில், எல்லாம் சௌக்கியம் என்று எழுதி எழுதியே பழகிவிட்டோம்.

இதனால் நான் சொன்னது சரி என்று ஆகிவிடாது. இன்று காலையில் அவள் கண்கள் வீங்கியிருக்கின்றன. பல் தேய்க்கப் போனவள் பிரஷ்ஷோடு திரும்பி வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். அல்சர் என்று சொல்லியிருந்தால் இந்த ஒரு காலை அவளுக்கு நன்றாக விடிந்திருக்கும். அதை நான் எடுத்துக்கொண்டேன். உன்னிடமிருந்தும் ஒன்றை எடுத்துக்கொண்டேன், நீ வந்து உன் வாயால் மெதுவாகச் சொல்லலாம் என்று நினைத்ததை. நல்ல பிள்ளைகள் அப்படித்தான் நினைப்பார்கள்.

இதையெல்லாம் எழுதுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். நண்பரின் பத்திரிகைக்கும் கொடுக்கலாமா என்று கேட்டேன். ஊரில் அப்படித் தவணை தவணையாக வரும் போனுக்குக் காத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றனவே. யோசித்துவிட்டு, “குடுங்க. அந்தப் பொண்ணு பேர மாத்திருங்க. அவரு பேரையும்” என்றாள். மாற்றிவிட்டேன். வசந்தா வசந்தா இல்லை, செல்லையா செல்லையா இல்லை.

உனக்கு அறிவுரை என்று சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. தீஸிஸை முடித்துவிட்டு வா, அல்லது பாதியில் வைத்துவிட்டு வா, அது உன் முடிவு. நான் அதில் தலையிட மாட்டேன். நீ படிக்கிறவர்களில் முடிக்காமல் விட்டவர்களை யாரும் குறைத்து மதிப்பதில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். எப்போது வந்தாலும் விமானத்தில் உட்கார்ந்து முகத்தைத் தயார் செய்யாதே. துபாயில் இறங்கியதும் பாத்ரூமுக்குப் போய்க் கண்ணைக் கழுவிக்கொண்டு வராதே. எங்களைப் பார்த்ததும் என்ன பேசுவது என்று யோசித்து வைக்காதே. அழுகை வந்தால் அழுதுகொண்டே டிராலியைத் தள்ளிக்கொண்டு வா. அரைவல் கேட்டில் நானும் அம்மாவும் நின்றுகொண்டிருப்போம். நான் மெலிந்திருப்பேன். அதைப் பார்த்து உன் முகம் எப்படி மாறுகிறதோ மாறட்டும். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அப்பா